வெளியே போகும் வழி

சின்னவளுக்கு அந்த வாரம் எந்த நாற்காலியும் சரிப்பட்டு வரவில்லை. உட்கார்ந்தால் எழுந்து நிற்கத் தோன்றியது. நின்றால் ஜன்னல் பக்கம் போகத் தோன்றியது. ஜன்னலுக்குப் போனால், மழைக்குக் கட்டிக்கொண்டு பெய்யாமல் உம்மென்று நின்ற வானம் எரிச்சலைக் கிளப்பியது. அலுவலகத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, காற்றுதான் வரவில்லை. மேஜையில் விரித்திருந்த வரைபடத்தில் அவள் முழங்கை பட்ட இடமெல்லாம் வியர்வையில் நெளிந்து கிடந்தது.

வரைபடம் புதிதாகக் கட்டப்போகிற குழந்தைகள் ஆஸ்பத்திரியுடையது. இத்தனை வருஷமாக அடுத்தவர் வரைந்த கட்டடங்களுக்குப் படிக்கட்டும் கழிப்பறையும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவளை நம்பி, அலுவலகத்துப் பெரியவர் முதல் தடவையாக ஒரு முழுக் கட்டடத்தைத் தூக்கிக் கொடுத்திருந்தார். "உன் தலையில கட்டிட்டேன், என் மானத்தக் காப்பாத்து" என்பதுதான் அவர் தந்த ஆசீர்வாதம்.

அவளும் சோறு தண்ணி பார்க்காமல்தான் வேலை செய்தாள். நோயாளிக் குழந்தைக்குப் படுத்த வாக்கில் என்ன தெரியும் என்று பார்க்க, ஆஸ்பத்திரிச் சாமான் விற்கிற கடைக்குப் போய் ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துக்கொண்டாள். உடன் வந்த இன்ஜினீயரைத் தள்ளச் சொன்னாள். கடைக்காரன் இருவரையும் ஒரு தினுசாகப் பார்த்தான். படுத்தால் விட்டத்து விளக்கு மட்டும்தான் கண்ணைக் குத்துகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. அதனால் விளக்குகளைச் சுவரோரமாக நகர்த்தினாள். ஜன்னல்களை, கட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கும் தெரு தெரிகிற உயரத்துக்கு இறக்கினாள். ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் தாயோ தகப்பனோ காலை நீட்டிப் படுக்க ஒரு பலகை வைத்தாள். வாசலை ஒட்டி விளையாட ஒரு பெரிய கூடம், நடுவில் கூரையைத் திறந்துவிட்டு நிஜமான ஒரு மரம்.

அந்த இன்ஜினீயருக்கு அலுவலகத்தில் 'தூண்' என்று பெயர். எதைக் கேட்டாலும் "அங்க தூண் வருதே" என்பார். மரத்தைப் பார்த்ததும் அதையேதான் சொன்னார். சண்டை போட்டு மரத்தைக் காப்பாற்றியிருந்தாள்.

எல்லாம் முடிந்துவிட்டது. அடித்தளத்தில் ஒரு மூலை மட்டும் பாக்கி. அங்கே வரும்போதெல்லாம் பென்சில் நின்றுவிடுகிறது.

"இன்னுமா அத முடிக்கல?" பெரியவர் டீயும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தார். "அங்க என்ன இருக்கு? சலவை, குப்பை, மார்ச்சுவரி. மேல இருந்து ஒரு சர்வீஸ் லிஃப்ட். காலங்காலமா இப்படித்தான போட்டுட்டு வர்றோம்?"

"அழுக்குத் துணி போற லிஃப்ட்லயே குழந்தையையும் கொண்டுபோகணுமா சார்?"

பெரியவர் டீயில் நனைத்த பிஸ்கட்டை எடுக்க மறந்துவிட்டார். அது உடைந்து உள்ளே போயிற்று.

"இதையெல்லாம் ஏம்மா இழுத்துப் போட்டுக்கற? பிள்ளைங்க பொழைச்சு எழுந்து போறதுக்குத்தான் ஆஸ்பத்திரி. கமிட்டி மீட்டிங் நெருங்குது. சட்டுபுட்டுனு முடி."

அவர் போய்விட்டார். அவள் பென்சிலைச் சீவினாள். கூர் உடைகிற வரைக்கும் சீவினாள்.

அண்ணன் மகள் பன்னு இந்த ஊரின் பழைய ஆஸ்பத்திரியில்தான் இறந்துபோனாள். காய்ச்சல் என்று சேர்த்தார்கள், மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள், போய்விட்டாள். அப்போது சின்னவள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். தகவல் கிடைத்து ஓடி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, வீடு கழுவிக் கிடந்தது. பிள்ளை ஆஸ்பத்திரியை விட்டு எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்த வீட்டில் பன்னு என்கிற பேரே பிறகு யார் வாயிலும் வரவில்லை.

*

அண்ணனுக்கு ரொட்டிக்கடை. கீழே அடுப்பும் கடையும், மேலே வீடு. வெறுங்காலோடு நடந்தால் கூடத்தில் எந்த இடத்துக்குக் கீழே அடுப்பு இருக்கிறது என்று பாதமே சொல்லிவிடும். சின்னவள் இந்த ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு வந்ததிலிருந்து அந்த வீட்டில்தான் இருந்தாள். அண்ணி பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொடுப்பவள். இப்போது வயிற்றில் பிள்ளை, நிறைமாதம். தையல் மெஷின் முன்னால் உட்கார முடியாமல் வயிறு இடித்தது. உட்கார முடிந்தாலும் அவள் உட்கார்ந்திருக்க மாட்டாள். காலையிலிருந்து கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

அவள் நடைக்குக் காரணம் இருந்தது. பிள்ளை குறுக்கே படுத்திருக்கிறது, ஆபரேஷன்தான் செய்யவேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரி என்றால் அதே பழைய ஆஸ்பத்திரி. பிரசவ வார்டும் குழந்தைகள் வார்டும் ஒரே கட்டடம், ஒரே வாசல்.

"அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள் அண்ணி. அண்ணன் கெஞ்சினான், கத்தினான். கடைசியில் கீழே போய் மாவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தான்.

அன்று விடுமுறை. சின்னவள் வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துவைத்து அதையே வெறித்துக்கொண்டிருந்தாள். அண்ணி தட்டில் வெங்காயத்தோடு வந்தாள். நின்றபடியே உரித்தாள். உரித்தபடியே படத்தைப் பார்த்தாள்.

"இதென்ன, பொட்டு பொட்டா?"

"கட்டில் அண்ணி. இது அம்மா படுக்கற பலகை. இது ஜன்னல். படுத்துக்கிட்டே தெருவப் பாக்கலாம்."

"நல்லாத்தான் இருக்கு." விரலால் வழி பிடித்துக்கொண்டே போனாள், வெங்காய ஈரம் தாளில் பட்டது. "இதுல எந்த வழியா வெளிய போவாங்க?"

"இதோ, பெரிய வாசல். மரத்தச் சுத்தி வந்து…"

"அது சொகமாகிப் போறவங்களுக்கு. மத்தவங்க?"

சின்னவள் பென்சிலைக் கீழே வைத்தாள். பிறகு, கேட்கக் கூடாது என்று இத்தனை நாள் விழுங்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"நீங்க எப்படி அண்ணி வெளிய வந்தீங்க?"

அண்ணி தட்டைக் கீழே வைக்கவில்லை. வெங்காயத்தை உரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்குக் காரணம் கையிலேயே இருந்ததால் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"காலையில அது. டாக்டருங்க பாத்துட்டுப் போன நேரம். நர்ஸ் நல்ல பொண்ணு, எங்களோட சேர்ந்து அவளும் அழுதா. ஆனா வெளிய ஒரு குழந்தை கட்டிலுக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்கும் மூச்சு இழுத்துக்கிட்டு இருந்துச்சு. பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க? 'மத்த தாய்மாருங்க பாத்தா பயந்துடுவாங்க, பின்பக்கமாப் போயிடுங்க'ன்னு சொன்னாங்க. ஸ்ட்ரெச்சர்ல வைக்க உங்கண்ணன் விடல. தோள்ல போட்டுக்கிட்டார், எப்பவும் தூக்குவாரே, அப்படியே. லிஃப்ட்டுல அழுக்குத் துணி வண்டி. அதத் தள்ளிட்டு வந்த அம்மா ஒதுங்கி எங்களுக்கு எடம் விட்டாங்க. பிள்ளையோட முதுகப் பாத்துட்டு, 'தூங்குதா?'ன்னாங்க."

அண்ணி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"உங்கண்ணன், 'ஆமா, இப்பதான் தூங்குனா'ன்னார். அந்த அம்மா, முழிச்சுக்கப் போகுதுன்னு கதவ மெதுவா சாத்துனாங்க."

கீழே ரொட்டித் தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அதுக்கப்புறம் அவர் அவளப் பத்தி வாயே திறக்கல. நானும் திறக்கல. யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சா இன்னொருத்தர் உடைஞ்சு போயிடுவாங்களோன்னு பயம்." தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினாள். திரும்பியவள் நின்றாள். "எனக்குத் தனியா ஒரு வழி இருந்திருக்கணும். கொஞ்ச நேரம் அவள மடியில வச்சுக்கிட்டு உக்கார ஒரு எடம். யாரும் வந்து எதுவும் கேக்காத எடம். யார் கண்ணுலயும் படாம அப்படியே போயிருப்பேன்."

அன்று சாயங்காலத்துக்குள் சின்னவளின் பென்சில் ஓடிவிட்டது. தரைத்தளத்தில், விளையாட்டுக் கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. கிழக்கே ஒரு ஜன்னல், வெளியே செடிகள். அந்தப் பக்கமாகவே ஒரு கதவு, வண்டி வந்து நிற்க ஒரு மறைவான இடம். அவளுக்கு ஒரு பழக்கம், எந்த அறைக்கும் உடனே பெயர் எழுதிவிடுவாள். எழுதாவிட்டால் அந்த அறை அவளுக்கு அறையாகவே படாது. யோசிக்காமல் எழுதினாள்: 'பன்னு அறை'.

*

மறுநாளும் விடுமுறை. மத்தியானம் கடையிலிருந்து ஆள் மேலே வந்து, அண்ணன் கூப்பிடுவதாகச் சொன்னார். அடுப்பு தணிந்திருந்தது, ஆனாலும் உள்ளே போனதும் முகத்தில் அனல் அறைந்தது. அண்ணன் மாலை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தான். மேஜையோரத்தில் அவளுடைய மெல்லிய தாள் மடித்து வைத்திருந்தது. அதன் மேல் வெள்ளையாக அவன் விரல் பதிந்திருந்தது. மேலே ரொட்டி வைக்க வந்தவன் கண்ணில் அது பட்டிருக்கிறது.

"இது என்ன?"

"அது சும்மா ஒரு…"

"நான் படிக்கத் தெரியாதவன் இல்ல. என்ன எழுதியிருக்க அதுல?"

அவள் தாளை எடுக்கக் கை நீட்டினாள்.

"என் பொண்ணு செத்தது உனக்கு ஒரு ரூமா? நாலு பேரு முன்னாடி செவுத்துல மாட்டி, குச்சிய வச்சுத் தட்டித் தட்டிக் காட்டப் போறியா? 'இதான் சார் எங்கண்ணன் பொண்ணு'ன்னு?"

"எந்தப் பிள்ளையும் அப்படிப் போகக் கூடாதுன்னுதான் அண்ணா."

"எப்படிப் போனா? உனக்குத் தெரியுமா? அன்னிக்கு நீ எங்க இருந்த?"

தட்டு அடுக்கிக்கொண்டிருந்த ஆட்கள் கையை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். அண்ணன் மாவைத் தூக்கி மேஜையில் அறைந்தான். புரட்டினான், மறுபடி அறைந்தான்.

"இனிமே இந்தப் பேச்சு இந்த வீட்டுல வரக் கூடாது. வந்துச்சுன்னா நீ வேற வீடு பாத்துக்க."

அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. அதுதான் அவளை அதிகமாக அரித்தது. தாளை வாங்கிக்கொண்டு மேலே போனாள். பெயரை ரப்பரால் அழித்தாள். மாவுக் கறையை அழிக்க முடியவில்லை.

கமிட்டிக்குக் கிளம்பும்போது அறையை எடுத்துவிடலாமா என்று படிக்கட்டு வரை யோசித்துக்கொண்டே போனாள். எடுக்கவில்லை.

கூட்டத்தில் ஜன்னல்களைப் பாராட்டினார்கள். விளக்குகளையும் மரத்தையும் பாராட்டினார்கள். தலைமை டாக்டரம்மா மட்டும் கூடத்துக்குப் பின்னால் இருந்த பெயரில்லாத சதுரத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது?"

சின்னவள் சொன்னாள். சொல்லி முடித்ததும் யாரோ நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள்.

"முதல் நாள் பிள்ளையத் தூக்கிட்டு உள்ள வர்றாங்கம்மா. வந்ததும் இந்த ரூம் கண்ணுல பட்டா என்ன நெனைப்பாங்க? பாதி வைத்தியம் தைரியம்தான்." டாக்டரம்மா அதட்டவில்லை, தன்மையாகத்தான் கேட்டார். "தரைத்தளத்துல எக்ஸ்ரேக்கே எடம் பத்தல. இது அவசியம்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு? யாராவது சொன்னாங்களா? நேர்ல பாத்தீங்களா?"

நாக்கு நுனியில் நின்றது. லிஃப்ட், துணி வண்டி, மெதுவாகச் சாத்திய கதவு. சொன்னால் போதும், அந்த மேஜையில் யாராலும் மறுத்துப் பேச முடியாது. அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததால்தான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இல்ல மேடம். எனக்காத் தோணுச்சு."

"அப்ப எடுத்துடுங்க. அடுத்த தடவை சரி பண்ணிக் கொண்டு வாங்க."

திரும்பி வந்ததும் அலுவலக வாசலில் பெரியவர், "நீ அழிக்கறியா, இல்ல வேற ஆளக் குடுத்து அழிக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். தூண் அவளைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி போனார்.

*

டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே அண்ணிக்கு வலி வந்துவிட்டது. காலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அண்ணன் மாவுக் கையோடு ஓடி வந்தான். வாடகை வண்டியில் அண்ணியை நடுவில் வைத்துக்கொண்டு போனார்கள். அண்ணி ஒவ்வொரு வலிக்கும் சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அண்ணி நகரவில்லை. ஸ்ட்ரெச்சர் வந்தது. வேண்டாம் என்று தலையாட்டினாள். உள்ளே போகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

"வாம்மா. உன் காலப் பிடிச்சுக் கேக்கறேன்" என்றான் அண்ணன். அவன் குரல் அப்படித் தழைந்து சின்னவள் கேட்டதில்லை.

"வரேன்." அண்ணி மூச்சுவாங்கினாள். "ஆனா எந்த வழியா வெளிய போறதுன்னு நான்தான் சொல்வேன். அவங்க சொல்லக் கூடாது. என்ன ஆனாலும்."

"சரி."

"என்ன ஆனாலும்."

"சரிங்கறேன்ல! நீ சொல்ற வழிதான்."

அதற்குப் பிறகுதான் ஸ்ட்ரெச்சரில் ஏறினாள்.

ஆபரேஷன் அறைக் கதவு மூடிக்கொண்டது. அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தான், எழுந்தான். சுவரில் ஒட்டியிருந்ததையெல்லாம் படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான். சின்னவளும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள். திடீரென்று, "வா" என்றான்.

"எங்க?"

"வா."

நடையின் கோடிக்குப் போய் மாடி ஏறினான். குழந்தைகள் வார்டு. அழுகையும் மருந்து வாடையுமாக இருந்தது. அங்கே நிற்கவில்லை. வார்டைத் தாண்டி, வாளிகள் அடுக்கிய ஓரமாகப் போய் ஒரு தகரக் கதவின் முன் நின்றான். சர்வீஸ் லிஃப்ட். பொத்தானை அழுத்தும்போது அவன் விரலில் காய்ந்த மாவு உதிர்ந்தது.

கீழே இறங்கினார்கள். ஈரமும் சோப்பும் கலந்த வெக்கை. சலவைக்கூடத்தைக் கடந்து பின்கட்டுக்கு வந்தார்கள். கொடிகளில் வெள்ளைத் துணிகள் தொங்கின. குப்பைத் தொட்டிகள், ஒரு பழைய வேன். வேன் நிழலில் ஒருவர் டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்து யார் வேண்டும் என்று சைகையால் கேட்டார். அண்ணன் ஒன்றுமில்லை என்று தலையாட்டினான்.

"இங்கதான்" என்றான். "அன்னிக்கு மழை. வண்டி கிடைக்கல. இந்தத் தகரத்துக்குக் கீழ நின்னோம். அவளோட ஒரு செருப்பு மேலயே விழுந்துடுச்சு. போய் எடுத்துட்டு வரவா, விட்டுடவான்னு அதையே யோசிச்சுக்கிட்டு நின்னேன். வேற எதுவுமே தோணல."

சின்னவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீ போட்டியே ஒரு ரூம். மறைவா ஒரு வாசல் வச்சிருக்க அதுக்கு."

"ஆமா."

"எதுக்கு மறைவு? என் பிள்ள என்ன திருடிட்டா போனா?" குரல் உயர்ந்தது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "முன்வாசல் வழியா வந்தவ அவ. என் விரலப் பிடிச்சுக்கிட்டு, காய்ச்சலோட நடந்தே வந்தா. படிய எண்ணிக்கிட்டே ஏறுனா. அதே படி வழியா அவளக் கூட்டிட்டுப் போக விடல. யாராச்சும் பாக்கட்டுமே! பாத்தா எந்திரிச்சு நிப்பாங்க. ரெண்டு பேரு அழுவாங்க. அவ போறான்னு தெரியணும்ல ஊருக்கு?"

மறைவு ஒன்றே மரியாதை என்று எண்ணித்தான் சின்னவள் இத்தனை நாள் வரைந்திருந்தாள்.

"அண்ணி வேற மாதிரி சொன்னாங்க அண்ணா. யார் கண்ணுலயும் படாம போகணும்னாங்க. தனி வழி வேணும்னாங்க."

அவன் சட்டென்று திரும்பினான். "அவ பேசுனாளா? உன்கிட்டயா?"

"ம்."

"எல்லாத்தையும் சொன்னாளா?"

"சொன்னாங்க."

"லிஃப்ட்டுல நடந்ததையுமா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள். அவன் கொடித் துணிகள் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, "அவளுக்குத் தனி வழி வேணும்னா அப்படியே வை. என் பேச்ச விடு" என்றான்.

"ரெண்டும் வைக்கலாம்" என்றாள் சின்னவள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது விளங்கியது. "ஒரே ரூமுக்கு ரெண்டு கதவு. ஒண்ணு செடிப் பக்கம். ஒண்ணு கூடத்துப் பக்கம், நேரா பெரிய வாசலுக்கு. எதுல போறதுன்னு அவங்கவங்க சொல்லட்டும். அண்ணி வாசல்ல கேட்டாங்களே, அதேதான்."

அண்ணன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அந்தக் கமிட்டிக்காரங்க கேட்டா சொல்லு. யாரு, என்ன, எப்படின்னு எல்லாம் சொல்லிக்க. லிஃப்ட்டுல அந்த அம்மாகிட்ட நான் சொன்னது மட்டும் வேண்டாம். அது எனக்கும் என் பொண்ணுக்கும் உள்ளது."

மேலே திரும்பியபோது நர்ஸ் இவர்களைத் தேடிக்கொண்டிருந்தாள். எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று ஒரு பாட்டம் திட்டி முடித்த பிறகுதான் ஆண் பிள்ளை என்றாள், இருவரும் நலம் என்றாள். அண்ணன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் விக்கல் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு அனுப்பிய அன்று அண்ணி முன்வாசலைத்தான் காட்டினாள். அண்ணன் பிள்ளையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

*

அடுத்த கமிட்டியில் அறை இருந்த இடத்திலேயே இருந்தது, இரண்டு கதவுகளோடு. பெரியவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். டாக்டரம்மா விரலை வைத்தார்.

"எடுக்கச் சொன்னேனே?"

"நேர்ல பாத்தீங்களா, யாராவது சொன்னாங்களான்னு கேட்டீங்க மேடம். அன்னிக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. இன்னிக்கு இருக்கு. அது எங்கண்ணன் பொண்ணு."

குச்சி எடுக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. உட்கார்ந்தபடியே சொன்னாள். மழையில் தகரத்துக்குக் கீழே நின்றதையும் செருப்பையும் சொன்னாள். தாய் கேட்டது ஒரு வழி, தகப்பன் கேட்டது இன்னொரு வழி என்பதையும் சொன்னாள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள்.

"எப்ப இது?" என்றார் டாக்டரம்மா. அவள் சொன்னாள். அவர் யோசித்துப் பார்த்தார். "அப்ப அந்த வார்டு என் பொறுப்புலதான் இருந்துச்சு. எனக்கு ஞாபகம் இல்லம்மா." அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் மழுப்பவில்லை. படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இருக்கட்டும். ஆனா பேர்ப்பலகை கூடாது. உள்ள வர்றவங்க கண்ணுல நேரா படக் கூடாது. எக்ஸ்ரே எடத்துல கை வைக்காதீங்க. விளையாட்டுக் கூடத்துல இருந்து எடுத்துக்கங்க."

கூடம் சுருங்கினால் மரத்துக்கு இடமில்லை. சின்னவள் சரி என்றாள். அந்த மரத்துக்காக அவ்வளவு சண்டை போட்டிருந்தாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் இரண்டாவது கதவை அளந்து பார்த்தாள். சரியாக அந்த இடத்தில்தான் தூண் வந்தது. இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, அவர் சொல்லப்போவதைக் கேட்கத் தயாராக நின்றாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார், கணக்குப் போட்டார், கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி போட்டார்.

"தூண நகர்த்திக்கலாம்" என்றார். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

*

அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். கீழே வேலை ஓய்ந்திருந்ததால் அண்ணனும் மேலே இருந்தான். அண்ணி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தாள், இப்போது அவனைத் தூங்கவைக்க நடக்கிற நடை. சின்னவள் விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டே கேட்டான். நல்லது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"உக்கார என்ன போடப் போற?" அண்ணிதான் கேட்டாள்.

"நாற்காலி போடலாம்னு."

"நாற்காலி ஆகாது. கை வச்ச நாற்காலியில பிள்ளைய மடியில கிடத்த முடியாது, இடிக்கும். தாழ்வா, அகலமா ஒரு மேடை மாதிரி போடு."

"ரெண்டு பேரு உக்காரணும்" என்றான் அண்ணன், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"ரெண்டு பேரு உக்காந்து, நடுவுல பிள்ளையப் படுக்க வைக்கணும்."

"அப்ப நீளம் எவ்வளவு வேணும்?" தொழில் புத்தி, சின்னவள் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. அண்ணி நடையை நிறுத்தினாள்.

அண்ணன் தேநீரைக் கீழே வைத்தான்.

"பன்னு உயரம் இருந்தா போதும்" என்றான்.

அந்தப் பேர் அவன் வாயிலிருந்து வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவனே கொஞ்சம் திகைத்துப்போய், இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான். பிறகு எழுந்து கூடத்துக்கு நடுவில் வந்து, தரைக்கு மேலே கையை விரித்து நிறுத்தினான்.

"பன்னு இவ்வளவு இருந்தா."

அண்ணி பிள்ளையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். இன்னொரு கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினாள்.

"அதுக்கும் மேல. கடைசியில வளந்துட்டா. உங்களுக்கு எங்க தெரியும், எப்பப் பாத்தாலும் கீழ அடுப்புகிட்டயே கிடந்தீங்க. கவுனோட மடிப்பப் பிரிச்சு இறக்கிவிட்டேனே, கணுக்கால் தெரியுதுன்னு ஒரே அழுகை."

"எந்தக் கவுன்? மஞ்சளா?"

"மஞ்சள்தான்."

"அதுலதான் ஜாமக் கொட்டிக்கிட்டா."

"கொட்டுனது நீங்க. பழி அவ மேல."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறப் பார்த்தது, தோள் குலுங்கியது. கை மட்டும் அண்ணி நிறுத்திய உயரத்தை விட்டு இறங்கவில்லை.

தையல் மெஷின் மேல் கிடந்த அளவு நாடாவை எடுத்து அண்ணி சின்னவளிடம் நீட்டினாள். சின்னவள் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். நாடாவின் நுனியைத் தரையில் வைத்து அழுத்திக்கொண்டு, மறுநுனியை மெல்ல அண்ணனின் உள்ளங்கையை நோக்கி ஏற்றினாள். அவன் உள்ளங்கை அசைந்துகொண்டே இருந்ததில் அளவு நிற்கவில்லை.

"ஆடாதீங்க" என்றாள் அண்ணி.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.